அதற்கு முன் என்ன போட்டீர்கள்?

எங்கள் தோட்டத்து வீடுகளுக்குப் பின்னால், வாய்க்காலை ஒட்டினாற்போல், வீட்டுக்கு ஒரு சிறிய பாத்தி உண்டு. இதைப் படிக்கும் பலருக்கும் அப்படி ஒன்று இருக்கலாம். கத்தரி, வெண்டை, பயற்றங்கொடி, மூலையில் ஒரு முருங்கை என்று எல்லாரும் கலந்து போடுவார்கள். செம்பனைக் காட்டில் மருந்தடிக்கும் வேலைக்குப் போகும் ஓர் அக்கா மட்டும் பாத்தி முழுவதும் சோளமே போடுவார். மக்காச்சோளத்தைத்தான் சொல்கிறேன். அதை அவித்து சனிக்கிழமை இரவுச் சந்தையில் விற்றால் பிள்ளைகளின் பள்ளிப் பேருந்துக் கட்டணம் கழிந்துவிடும் என்பது அவர் கணக்கு. மூன்று போகம் வரையில் அந்தக் கணக்கு தப்பவில்லை.

ஒரு நாள் மாலை, ஒரு கதிரைக் கையில் பிடித்தபடி என் வீட்டு வாசலுக்கு வந்தார்.

"பாருங்க சார், என் கட்டைவிரல் மொத்தந்தான் இருக்கு. பாதி முத்து பிடிக்கவே இல்ல. உரம் போடலன்னு மட்டும் சொல்லாதீங்க. போன தடவையவிட இந்தத் தடவ கூடவே போட்டேன். மண்ணையும் நல்லாக் கொத்தி விட்டேன்."

"அதுக்கு முன்னால அந்தப் பாத்தியில என்ன போட்டிருந்தீங்க அக்கா?"

"சோளந்தான் சார்."

"அதுக்கும் முன்னால?"

"சோளந்தான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

சிரிப்பு வந்தாலும் நட்டம் நட்டந்தானே? ஒரு போகம் போனால் அவருக்குப் பல வாரப் பேருந்துப் பணம் போனதாகப் பொருள். அன்று அவருக்குக் கொஞ்சம் சொன்னேன். மீதியை இங்கே எழுதுகிறேன். ஏனென்றால், ஒரே நிலத்தில் ஒரே தானியத்தைத் திரும்பத் திரும்பப் போட்டால் என்ன ஆகும் என்ற கேள்வியை, அவர் பாத்தியைப்போல் எத்தனையோ மடங்கு பெரிய ஒரு வயலில், 180 ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

ரோத்தம்ஸ்டெட் கோதுமை வயல்

இங்கிலாந்தில், லண்டன் மாநகருக்கு வடக்கே, ஹார்ப்பெண்டன் என்றோர் ஊர் இருக்கிறது. அங்குள்ள ரோத்தம்ஸ்டெட் பண்ணை ஜான் பென்னட் லாஸ் என்பவருக்குச் சொந்தமாக இருந்தது. இவர் சும்மா இருக்கத் தெரியாத மனிதர். கந்தக அமிலத்தைக் கொண்டு சூப்பர் பாஸ்பேட் என்னும் உரத்தைத் தயாரித்து 1842-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். அடுத்த ஆண்டு ஜோசப் ஹென்றி கில்பர்ட் என்ற இரசாயன அறிஞரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டார். 1843-ஆம் ஆண்டுக் குளிர்காலத்துக்கு முன்பாக, ப்ராட்பாக் என்று பெயர் கொண்ட வயலில் இருவரும் கோதுமை விதைத்தார்கள். அன்று முதல் இன்றுவரை, அந்த வயலின் முழுப்பரப்பிலோ ஒரு பகுதியிலோ கோதுமை விளையாத ஆண்டு ஒன்றுகூட இல்லை. 1900-இல் லாஸ் இறக்கும்வரை 57 ஆண்டுகள் இருவரும் சேர்ந்தே உழைத்தார்கள். உலகிலேயே மிக நீண்ட காலமாக நடந்துவரும் பயிர்ச் சோதனைகளில் இது முதன்மையானது.

வயலை நீளவாட்டில் பட்டை பட்டையாகப் பிரித்தார்கள். ஒரு பட்டைக்கு ஆண்டுதோறும் ஹெக்டேருக்கு 35 டன் தொழுவுரம். (ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்.) மற்றப் பட்டைகளுக்குத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து ஆகிய செயற்கை உரங்கள், வெவ்வேறு அளவில், வெவ்வேறு சேர்க்கையில். ஒரே ஒரு பட்டைக்கு மட்டும் எதுவுமே இல்லை. ஒரு பிடி சாணம்கூடக் கிடையாது.

எதுவுமே போடாத அந்தப் பட்டை செத்துப்போயிருக்கும் என்றுதான் நாம் நினைப்போம். அதுதான் இல்லை. ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன் என்று இன்றும் ஏதோ கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. மண்ணுக்கு அவ்வளவு பொறுமை. ஆனால், உரமிட்ட பட்டைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் கொடுத்தன. அதிலும் செயற்கை உரத்தைச் சரியான அளவில் போட்ட பட்டைகள், வண்டி வண்டியாகத் தொழுவுரம் கொட்டிய பட்டைக்குச் சமமாக விளைந்தன.

இந்தச் செய்திதான் உலகமெங்கும் பரவியது. உரம் இருக்கும்போது பயிரை ஏன் மாற்ற வேண்டும், கோதுமைக்கு விலை இருந்தால் கோதுமையே போடலாமே என்று பலரும் முடிவு கட்டினார்கள். நம் அக்கா "கூடவே உரம் போட்டேன்" என்று சொன்னதும் இதே நம்பிக்கையில்தான்.

வயல் சொன்ன மறுமொழி

ப்ராட்பாக் வயலை முதலில் மடக்கியது பசி அல்ல, களை. கோதுமையோடு கோதுமையாக முளைத்து, அது அறுவடையாகும் முன்பே தன் விதையை உதிர்த்துவிடும் களைகள் சில உண்டு. ஒரே பயிரை ஒரே பருவத்தில் விதைத்தால் அவற்றுக்குக் கொண்டாட்டம். பல ஆண்டுகள் கையாலேயே களை எடுத்துச் சமாளித்தார்கள். 1914-இல் முதல் உலகப்போர் வந்ததும் ஆட்கள் கிடைக்கவில்லை. களை வயலை அமுக்கிவிட்டது. வேறு வழியில்லாமல் 1920-களின் நடுவில் வயலைக் குறுக்காக ஐந்து பகுதியாக வெட்டி, ஆண்டுக்கு ஒரு பகுதியைப் பயிரில்லாத வெற்றுத் தரிசாகப் போட்டு, முளைத்த களையை உழுது அழிக்க நேர்ந்தது.

இந்த இடத்தில் ஒரு சிறு கதை. 1882-இல் அதே வயலின் ஓரத்தில் அரை ஏக்கர் கோதுமையை அறுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்கள். மனிதன் கை படாவிட்டால் கோதுமை என்ன செய்கிறது என்று பார்ப்பதற்காக. நான்கே ஆண்டுகளில், தேடிப் பிடித்தால்தான் அகப்படும் என்ற அளவுக்குச் சில குச்சிச் செடிகள் மட்டும் மிஞ்சின. பிறகு அதுவும் இல்லை. இன்று அந்த இடத்தின் ஒரு பகுதியில் மரங்கள் அடர்ந்த காடு நிற்கிறது. பால்மரக் காட்டையும் செம்பனைக் காட்டையும் கவனிக்காமல் விட்டால் புதர் மண்டுவதைக் கண்ணால் பார்த்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

களைக்கு அடுத்தபடி நோய். கோதுமையின் வேரைப் பிடிக்கும் ஒரு பூஞ்சாணம் இருக்கிறது. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் 'டேக்-ஆல்'. எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போவது என்று பொருள். வேர் கறுத்து அழுகும். கதிர் உரிய காலத்துக்கு முன்பே வெளுத்து, உள்ளே மணி இல்லாமல் நிற்கும். இந்தப் பூஞ்சாணம் அறுத்த தாளிலும் பழைய வேரிலும் ஒண்டிக்கொண்டு, அடுத்த கோதுமைக்காகக் காத்திருக்கும். அடுத்ததும் கோதுமையாகவே வந்தால் அதற்கு விருந்து. வேறு பயிர் வந்தால் பட்டினியில் பெரும்பகுதி அழிந்துபோகும். வியப்பு என்னவென்றால், விடாமல் கோதுமையே போட்டுக்கொண்டிருந்தால் நான்கைந்து ஆண்டுகளுக்குப் பின் நோய் ஓரளவு தானாகத் தணியும். அதை எதிர்க்கும் நுண்ணுயிர்கள் மண்ணில் பெருகிவிடுவதே காரணம். தணியுமே தவிர, ஒழிந்துவிடாது.

1968-இல் வயலை மறுபடியும் பிரித்தார்கள். ஒரு பக்கம் எப்போதும்போல் கோதுமைக்குப் பின் கோதுமை. இன்னொரு பக்கம் உருளைக்கிழங்கு, அவரை வகை, அதன்பின் கோதுமை. உரம் ஒன்றே, விதை ஒன்றே, மழையும் ஒன்றே. இடையில் வேறு பயிர் கண்ட நிலத்துக் கோதுமை ஹெக்டேருக்கு ஒரு டன்னுக்கு மேல் கூடுதலாக விளைந்தது. ஏக்கர் கணக்கில் 400 கிலோவுக்கு மேல். எந்த உரமூட்டையாலும் வாங்கிவிட முடியாத விளைச்சல் அது. "அதற்கு முன் என்ன போட்டீர்கள்?" என்ற ஒரு கேள்விக்குத்தான் இத்தனை விலை.

வேரில் இருக்கும் முடிச்சு

லாஸுக்கு முன்பே ஆங்கிலேய விவசாயிகள் இதைக் கைப்பழக்கத்தில் அறிந்திருந்தார்கள். நார்ஃபோக் பகுதியில் நான்காண்டுச் சுற்று ஒன்று இருந்தது. முதலாண்டு கோதுமை. அடுத்த ஆண்டு டர்னிப் என்னும் கிழங்கு. பின்பு பார்லி. நான்காம் ஆண்டு குளோவர் என்னும் தீவனப் பயிர். அரசியலைவிட்டு 1730-இல் ஊர் திரும்பிய டவுன்ஷெண்ட் பிரபு டர்னிப்பின் பெருமையைப் பேசிப் பேசியே 'டர்னிப் டவுன்ஷெண்ட்' என்று கேலிப்பெயர் வாங்கிக்கொண்டார். தரிசு போடாமலேயே நிலம் தெம்பாக இருந்தது. கால்நடைக்குத் தீவனம் கிடைத்தது. அதனால் சாணமும் பெருகியது.

குளோவர் போட்ட நிலத்தில் கோதுமை ஏன் செழிக்கிறது? இதற்கு விடை தெரிய 1886 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹெல்ரீகல், வில்ஃபார்த் என்னும் இரண்டு ஜெர்மானிய விஞ்ஞானிகள், அவரை, பயறு வகைச் செடிகளின் வேரிலுள்ள சிறு முடிச்சுகளில் நுண்ணுயிர்கள் குடியிருந்து காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக்கொடுக்கின்றன என்று காட்டினார்கள். உங்கள் வீட்டுப் பயற்றங்கொடியை மெதுவாகப் பிடுங்கி வேரைக் கழுவிப் பாருங்கள். கடுகு அளவில் முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். இருந்தால் அது வேலை செய்கிறது என்று அடையாளம்.

இது நமக்குப் புதிய சங்கதி அல்ல. அந்தக் காலத்து இரப்பர்த் தோட்டங்களில் மரத்துக்கு அடியில் ஒரு புல்கூட இருக்கக்கூடாது என்று சுரண்டி எடுத்தார்கள். மலைச்சரிவு மண்ணெல்லாம் மழையோடு ஆற்றுக்குப் போனது. பிறகுதான் மரக்கன்றுகளுக்கு இடையே கொடிப்பயறுகளைப் பரப்பும் வழக்கம் வேரூன்றியது. பியுரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா என்ற அந்தக் கொடிகளை நம்மவர்கள் பெயர் சொல்லாமல் 'கவர்' என்றே சொல்வார்கள். மண்ணை மூடுவது ஒரு வேலை. வேர்முடிச்சால் மண்ணுக்கு ஊட்டுவது இன்னொரு வேலை.

பயறுதான் நல்லதென்று அதையே ஓயாமல் போடலாமா என்றால், அதுவும் கூடாது. லாஸும் கில்பர்ட்டும் வயலில் தொடர்ந்து குளோவர் போட்டுப் பார்த்துத் தோற்றார்கள். மண்ணுக்கு யாரிடமும் தனிப் பாசம் இல்லை.

உழுவது எதற்காக?

இனி, அக்கா சொன்ன இரண்டாவது செய்திக்கு வருவோம். "மண்ணை நல்லாக் கொத்தி விட்டேன்."

உழவின் பெருமை நமக்குப் பாலோடு ஊட்டப்பட்டது. திருக்குறளில் உழவுக்கென்று ஓர் அதிகாரமே உண்டு. ஒரு பலம் புழுதி கால் பலம் ஆகும்படி உழுது காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமலே பயிர் விளையும் என்கிறார் வள்ளுவர். ஆனால் அடுத்த குறளிலேயே, உழுவதைவிட எருவிடுவது நல்லது என்றும் சொல்லிவிடுகிறார். இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது என் கருத்து. பலர் முதலாவதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

அப்படி நிறுத்திக்கொண்டவர் இங்கிலாந்திலும் ஒருவர் இருந்தார். 1701-இல் விதைக்கும் கருவி ஒன்றைச் செய்த ஜெத்ரோ டல். செடியின் வேர் மண் துகள்களையே விழுங்கி வளர்கிறது என்று அவர் நம்பினார். ஆகவே, மண்ணை எவ்வளவு பொடியாக்குகிறோமோ அவ்வளவு தீனி, எரு தேவையில்லை! அவருடைய விளக்கம் தவறு. ஆனால் வரிசையாக விதைத்து, இடையில் குதிரை பூட்டிக் கிளறிய அவருடைய பயிர் நன்றாகவே விளைந்தது. ஏன்? களை செத்தது. அத்துடன், கிளறிய மண்ணில் காற்றுப் புகுந்ததும் நுண்ணுயிர்கள் விறுவிறுப்பாகி, மண்ணிலுள்ள மக்கைத் தின்று தழைச்சத்தை வெளியே விட்டன.

இந்த இரண்டாவது காரணத்தைத்தான் நாம் கவனிக்க வேண்டும். உழுவதால் வரும் அந்தச் சத்து புதிதாக வந்தது அல்ல. மண் பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்தது. சேமநிதியில் கிடக்கும் பணத்தை ஐம்பத்தைந்து வயதுக்கு முன்பே எடுத்துச் செலவழிப்பது போன்றது அது. எடுக்கும் மாதம் கை நிறையத்தான் இருக்கும்.

அமெரிக்காவின் தென் சமவெளி விவசாயிகள் அப்படி எடுத்தார்கள். முதல் உலகப்போரில் கோதுமை விலை ஏறியதும், காலங்காலமாகப் புல் மூடிக்கிடந்த நிலத்தை டிராக்டரால் கிழித்துப்போட்டார்கள். கோதுமைக்குப் பின் கோதுமை. மண்ணைக் கட்டிப்பிடித்திருந்த புல்வேர் மடிந்தது. 1930-களில் மழை பொய்த்தபோது, பொடியாய்க் கிடந்த மண் காற்றோடு கிளம்பியது. 1935 ஏப்ரல் 14, ஞாயிற்றுக்கிழமை. ஒக்லஹோமா, டெக்சஸ் பகுதிகளில் பட்டப்பகலில் இருட்டு. எதிரில் நீட்டிய தம் கையே தெரியவில்லை என்றார்கள். 'கறுப்பு ஞாயிறு' என்று அந்த நாளுக்குப் பெயர். அதே மாதம் 27-ஆம் தேதி, மண் பாதுகாப்புக்கென ஒரு சட்டமே பிறந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மூட்டை முடிச்சோடு பிழைப்புத் தேடி மேற்கே போனார்கள். பஞ்சம் பிழைக்க ஊரைவிட்டுக் கிளம்புவது எப்படியிருக்கும் என்பதை நம் தாத்தா பாட்டிமார்கள் அறிவார்கள்.

கலப்பைக்குப் பதிலாக வந்தது

உழாமலே விதைத்தால் என்ன என்ற எண்ணம் அதன்பிறகு வலுத்தது. எட்வர்ட் ஃபால்க்னர் என்ற அமெரிக்கர் 1943-இல் கலப்பையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஒரு புத்தகமே எழுதினார். ஆனால், உழாவிட்டால் களையை என்ன செய்வது? ப்ராட்பாக் வயலின் பழைய பிரச்சினை திரும்பவும் வந்து நின்றது.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது அக்கா இடைமறித்தார். "என்ன சார் பெரிய பிரச்சின? மருந்தடிச்சா முடிஞ்சுது. தினமும் நாங்க அதத்தான செய்றோம்?"

உலகமும் அதைத்தான் செய்தது. 1962-இல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் ஹாரி யங் என்ற விவசாயி, களைக்கொல்லியை நம்பி, ஓர் ஏக்கருக்கும் குறைவான நிலத்தில் உழாமலே மக்காச்சோளம் போட்டார். அதே காலத்தில் விற்பனைக்கு வந்த பாரகுவாட் என்னும் மருந்தைக் கொண்டு இங்கிலாந்தில் உழவில்லாத தானிய விதைப்பைச் சோதித்தார்கள். நம் தோட்டங்களில் 'கிராமக்சோன்' என்று எல்லாரும் அறிந்திருந்த அதே மருந்து. 1974-இல் வந்த 'ரவுண்டப்' என்னும் கிளைபோசேட் மருந்து முதன்முதலில் விற்பனைக்கு விடப்பட்ட நாடுகளில் இரண்டு, மலேசியாவும் இங்கிலாந்தும். இங்கிலாந்தில் கோதுமைக்கு, இங்கே இரப்பருக்கு. அவர்கள் கலப்பையை இறக்கி வைக்க உதவிய மருந்தை, நம் பெண்கள் முதுகில் ஏற்றிக்கொண்டார்கள்.

பாரகுவாட்டுக்கு மாற்று மருந்து கிடையாது. ஒரு மிடறு உள்ளே போனாலே நுரையீரல் கெட்டு உயிர் போகும். தினமும் தெளிப்பவர்களுக்கு நகம் கறுத்து விழும், மூக்கில் இரத்தம் வடியும். தோட்டத்துப் பெண்களின் இந்தத் துன்பத்தைத் தெனகானித்தா அமைப்பு ஆராய்ந்து 2002-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் தடையை அறிவித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. பிறகு, 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் மலேசியாவில் பாரகுவாட் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. இடையில் போன ஆண்டுகளை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். உழவில்லா விவசாயத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மண் அரிப்புக் குறைந்ததையும் டீசல் மிச்சமானதையும் தவறாமல் எழுதுகிறார்கள். இதையும் ஒரு வரி எழுதினால் நன்றாக இருக்கும்.

சரி, உழாமல் விட்டால் விளைச்சல் கூடுகிறதா, குறைகிறதா? 63 நாடுகளில் நடந்த 610 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 5,463 ஒப்பீடுகளைக் கணக்கிட்டு, 2015-இல் 'நேச்சர்' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், உழாத நிலத்தில் விளைச்சல் சராசரியாக 5.7 விழுக்காடு குறைவு. ஆனால், பயிரை மாற்றிப் போட்டு, அறுத்த தாளையும் நிலத்திலேயே விட்டால் குறைவு 2.5 விழுக்காடுதான். மழையை மட்டுமே நம்பிய வறண்ட பூமியில் இந்த மூன்றையும் சேர்த்துச் செய்தால் 7.3 விழுக்காடு கூடுதலாகவே விளைகிறது. மூடிக்கிடக்கும் மண் ஈரத்தை விடுவதில்லை. ஆக, கலப்பையைக் கீழே வைத்தால் மட்டும் போதாது. கலப்பை செய்துவந்த வேலையை வேறு யாராவது செய்ய வேண்டும். மாற்றுப்பயிர் நோயையும் களையையும் பார்த்துக்கொள்ளும். தாள் மண்ணை மூடும்.

நெல் மட்டும் விதிவிலக்கா?

நெல்லை ஆண்டாண்டாக ஒரே வயலில் போடுகிறார்களே என்று கேட்பீர்கள். நியாயந்தான். கெடாவில் மூடா நீர்ப்பாசனத் திட்டத்தின் கீழ் 1970 முதல் இருபோகம் நெல்தான். பிலிப்பைன்ஸ் நாட்டு லோஸ் பாஞோஸ் நகரில், அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையத்தில் 1963-இல் தொடங்கிய ஒரு வயலில் ஆண்டுக்கு மூன்று போகம்கூட எடுத்தார்கள். நெல்லைக் காப்பது தேங்கிய தண்ணீர். பல களைகள் அதில் முளைப்பதில்லை. காற்று வேண்டிய வேர்நோய்கள் அடங்கிவிடும். நீரில் மிதக்கும் நீலப்பச்சைப் பாசி தழைச்சத்தையும் பிடித்துத் தரும். சேறு கலக்கி உழுவதும் அந்தத் தண்ணீரைப் பிடித்து வைக்கத்தான்; அடியில் ஓர் இறுகிய தட்டு உண்டாகி நீரை இறங்கவிடாது. ஆனால், நெல்லுக்கு நன்மையான அதே தட்டு, பின்னால் வரும் பயிரின் வேருக்குச் சுவர்.

இதற்குத் தஞ்சை மாவட்டத்தார் கண்ட வழி அலாதியானது. என் பாட்டி அந்தப் பக்கத்திலிருந்து, நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவர். "உளுந்துக்கு நாங்க உழுததே கிடையாதுடா" என்பார். சிறுவயதில் எனக்கு அது சோம்பேறித்தனமாகத் தோன்றும். சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் இருக்கும்போதே, நிற்கும் நெல்லுக்கு உள்ளேயே உளுந்தையும் பச்சைப்பயற்றையும் விதைத்துவிடுவார்கள். மண் அப்போது கால் பதியும் பதத்தில் இருக்க வேண்டும். நெல் அறுவடையாகும்போது பயறு முளைத்திருக்கும். நெல் போனதும் அதற்கு வெயில் கிடைக்கும். அப்புறம் தண்ணீர் பாய்ச்சுவதில்லை. மிச்ச ஈரமும் விடியற்காலைப் பனியும்தான். உழவில்லை, நெல்லின் அடித்தாள் நிலத்திலேயே நிற்கிறது, தானியத்துக்குப் பின் பயறு வருகிறது. 5,463 ஒப்பீடுகளில் கண்டதை என் பாட்டி ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார். மருந்து அடிக்காமலே.

மீண்டும் அந்தப் பாத்தி

அக்காவின் சோளத்துக்கு வந்த கேடு முக்கியமாகப் பசிதான். சோளம் தழைச்சத்தைப் பெருந்தீனியாகத் தின்னும். உரம் கூடப் போட்டும் ஏன் போதவில்லை? போகத்துக்குப் போகம் ஆழக் கொத்திப் பொடியாக்கிய மண், நம் ஊர் அடைமழையில் மேலே கெட்டியாகப் படிந்துவிட்டது. உரத்தில் ஒரு பங்கு வாய்க்காலுக்குப் போனது. மண்ணைப் பிடித்து வைக்கும் மக்கும் மிச்சமில்லை.

பாத்தியை இரண்டாகப் பிரிக்கச் சொன்னேன். வலப்பக்கம் கச்சான். இடப்பக்கம் வழக்கம்போல் சோளம். பாதி வருமானத்தை விட அவருக்கு மனமே இல்லை. "கச்சானையும் அவிச்சு விக்கலாம் அக்கா" என்றதும்தான் ஒத்துக்கொண்டார். கச்சானைப் பறித்தபின் கொடியைத் தூக்கி எறியாமல் அங்கேயே பரப்பினோம். பிறகு ஆழக் கொத்தவில்லை. குழி மட்டும் பறித்து, இரண்டு பக்கமும் சோளம் நட்டு, ஒரே அளவு உரம். களைக்கு மருந்து இல்லை. அறுத்த புல்லைக் காயவைத்துக் கனமாக மூடினோம். என்னுடைய ஐந்தாம் ஆண்டு மாணவர்கள் வாரந்தோறும் அளவுகோலோடு வந்து செடியின் உயரத்தைக் குறித்துக்கொண்டார்கள். வலப்பக்கத்துச் செடிகள் கரும்பச்சையாக, இடப்பக்கத்தைவிட ஒரு சாண் உயர்ந்து நின்றன.

கதிரைப் பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலைத் தராசில் எடைபோடுவதாக ஏற்பாடு. அதற்கு முதல் நாள் விடியற்காலையில் குரங்குக் கூட்டம் ஒன்று இறங்கிவிட்டது. வலப்பக்கத்துக் கதிர்களைத்தான் அதிகம் தின்றிருந்தன. அதையே பரிசோதனையின் முடிவாக எழுதிக்கொள்ளலாமா என்று ஒரு மாணவன் கேட்டான். எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இந்தப் போகத்துக்கு வலை கட்டியிருக்கிறோம். இப்போது கச்சான் இடப்பக்கம் இருக்கிறது.